ஒரு சொம்புத் தண்ணீர்

"டமார்!"

ஷெட் வாசலில் நின்ற அத்தனை பேரும் வழக்கம்போல பட்டாசு ஆலைகள் நிறைந்த நாரணாபுரம் பக்கம் புகை எழுகிறதா என்று பார்த்தார்கள். பெத்தணன் மட்டும் ஷெட்டுக்குள் நின்ற டீசல் எஞ்சினைப் பார்த்தான்.

"பயப்படாதீக. நம்ம பய ஊர்க்காவலன்தான், இன்னிக்கு ரயில் விழாவுக்கு வாங்குன அணுகுண்டு வெடியில ஒண்ணை வச்சுப் பாத்திருக்கான்" என்று சிரித்தார் பாரம்பரிய ரயில் சங்கத் தலைவர் சங்கரபாண்டியன்.

பெத்தணன் மூச்சு விட்டான். எஞ்சினை இன்னும் யாரும் ஸ்டார்ட் செய்யவில்லை.

மூடிப்போன பருத்தி மில்லின் மூன்று கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதையில் ஓட்டுவதற்காகச் சங்கம் அதைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கியிருந்தது. நாலு வருஷமாக அதைப் பழுதுபார்த்தபடி அதன் வயிற்றுக்குள்ளேயே குடியிருந்தவன் பெத்தணன். "அதுக்கே தாலி கட்டியிருக்கலாம்ல?" என்று அவன் மனைவி பாண்டிலட்சுமி கேட்காத நாளில்லை. ஆனால் கண் டெஸ்டில் சிவப்பும் பச்சையும் அவனுக்குக் குழம்பிவிட, டிரைவர் சீட்டு முனியராஜுக்குப் போய்விட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்புவரை அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கியவனுக்கு!

"கலர் மத்தாப்பு உருட்டுனவனுக்குக் கலரா தெரியாது?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லியும் பெத்தணனின் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

இதோ, புது நீலச் சட்டையும் கழுத்தில் மாலையுமாக வருகிறான் முனியராஜ். செருப்பைக் கழற்றிவிட்டு, பட்டாசுக் கம்பெனி மருந்து அறை வாசலில் உடம்பு மின்சாரம் இறங்கச் செப்புத் தகட்டைத் தொடுவதுபோல் எஞ்சினின் கைப்பிடியைத் தொட்ட பிறகுதான் ஏறினான்.

"பூசாரி வந்துட்டாருலே" என்று முணுமுணுத்தான் பெத்தணன்.

நாலாவது சிலிண்டருக்குள் தண்ணீர் கசிந்து இறங்கியிருந்ததை நேற்று சாயங்காலமே பார்த்துவிட்டான். பார்த்தும், தலைவரிடம் "ஆறு சிலிண்டரும் சுத்தமா இருக்குண்ணாச்சி" என்று சொல்லிவிட்டான். தண்ணீரோடு ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் மேலேற வழியில்லாமல் அதைத் தள்ளும் ராடு வளைந்துவிடும். வளையட்டும்! ஓட்டத் தெரியாதவன் கெடுத்துவிட்டான் என்று அவனை இறக்குவார்கள். சரிசெய்ய என்னைத்தானே கூப்பிட வேண்டும்?

முனியராஜ் பட்டனை அழுத்தினான். பெத்தணன் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

எஞ்சின் முனகியது, இருமியது, குபுகுபுவென்று கரும்புகை கக்கியது. பிறகு தாளம் தப்பாமல் ஓடத் தொடங்கியது! ஹாரன் அலற, சரவெடி பொரிய, ஒரே கைதட்டல். பெத்தணன் கண்ணைத் திறந்து, திறந்த வாயோடு நின்றான்.

"மொதத் தடவையிலயே புடிச்சிருச்சேப்பா!" என்று கத்தினார் சங்கரபாண்டியன்.

முனியராஜ் ஜன்னல் வழியே தலையை நீட்டினான். "கம்பெனிப் பழக்கம் அண்ணாச்சி. நேத்தைய வெடிமருந்து மிச்சம் கெடக்கான்னு பாக்காம அங்கன எதுலயும் கை வைக்க மாட்டோம். அதான் காலையில வந்து, ஆறு சிலிண்டர் வால்வையும் திறந்துவிட்டு, கடப்பாரையால எஞ்சினை நெம்பிச் சுத்திப் பாத்தேன். ஒண்ணுல மட்டும் ஒரு சொம்புத் தண்ணி பீச்சியடிச்சுச்சு. கசிஞ்ச எடத்தையும் இறுக்கிட்டேன்."

"அம்புட்டுத் தண்ணியா? எந்தச் சிலிண்டர்லப்பா?"

முனியராஜ் பதில் சொல்ல வாயெடுத்தான். என் எஞ்சினைப் பற்றிக் கேட்டால் இவனா பதில் சொல்வது? பெத்தணன் முண்டியடித்து முன்னால் வந்தான்.

"நாலாவதுல அண்ணாச்சி!"