ஓட்டிப் பார்க்கப் போன கார்

இரண்டடுக்கு கேக் ஒன்று ஸ்கூட்டரிலேயே சரிந்து, வாடிக்கையாளர் வாசலில் அவள் கூனிக்குறுகி நின்ற நாளிலிருந்து போனில் பழைய கார் விளம்பரங்களைத்தான் மேய்ந்துகொண்டிருந்தாள். கடைசியில் கைக்கு எட்டும் விலையில் ஒரு வெள்ளைக் கார் வந்தது. அண்ணனின் பைக்கில் ஏறிப் பார்க்கப் போனாள்.

கார்க்காரருக்குக் காலில் மாவுக்கட்டு. ஊன்றுகோலோடு வந்து கேட்டைத் திறந்தார். ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றதும் தயங்கினார். முன்பின் தெரியாதவர்களிடம் வண்டியை எப்படிக் கொடுப்பது? தன் மனைவி கூட வரட்டும், அண்ணன் இங்கேயே இருக்கட்டும் என்றார். கார் தெருவுக்கு வந்ததும் அவர் கேட்டை உள்பக்கம் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதை அவள் கண்ணாடியில் பார்த்தாள்.

கிளட்ச் கொஞ்சம் இறுக்கம். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. தெருமுனை தாண்டியதும் பக்கத்து இருக்கைப் பெண் வாயைத் திறந்தாள்.

"திருப்பிடாதீங்க. பஸ் ஸ்டாண்டுக்கு விடுங்க. எங்க அக்கா வீட்டுக்குப் போயிடறேன்."

அந்தப் பெண்ணின் மணிக்கட்டில் விரல் பதிந்த நீலத் தடம். விளம்பரம் போட்டது தான்தான் என்றாள். போனில் கேட்ட ஆண்களிடமெல்லாம் வண்டி விற்றுப்போனதாகச் சொல்லிவிட்டு, ஒரு பெண்குரலுக்காகக் காத்திருந்தாளாம்.

"எங்க அண்ணன் உள்ள மாட்டிக்கிட்டு இருக்காரே."

"அவரை ஒண்ணும் செய்ய மாட்டார். வெளியாளுங்கன்னா அவருக்கு அவ்வளவு மரியாதை."

அவள் போன் அடித்தது. அண்ணன் எண்ணிலிருந்து கார்க்காரர். டயரில் காற்று குறைவாக இருந்தது, பம்பில் நிற்கிறோம் என்று புளுகினாள். போனை மனைவியிடம் கொடுக்கச் சொன்னார். "ஆமாங்க, வரிசை நிக்குது," என்றாள் அந்தப் பெண், அலுங்காமல் குலுங்காமல். போனைத் திருப்பித் தந்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும் சாலையைக் காட்டினாள்.

திரும்பி வந்தபோது கேட்டுக்குள் அண்ணன் முகம் வெளிறியிருந்தது. பூட்டு திறக்கும்வரை அவள் இன்ஜினை அணைக்கவில்லை. கார்க்காரர் நொண்டியபடி வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். அதற்குள் அண்ணன் அவர் பின்னாலேயே தெருவுக்கு வந்துவிட்டான்.

"அவ எங்க?"

இறங்கிச் சாவியை அவர் கையில் வைத்தாள். "போயிட்டாங்க. இனி வர மாட்டாங்களாம்."

ஊன்றுகோல் மேலே எழுந்தது. அண்ணன் குறுக்கே வந்து நின்றான். எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. கார்க்காரர் அதைப் பார்த்தார், பிறகு கோலைத் தரையில் ஊன்றி, மெல்லச் சிரிக்கக்கூட முயன்றார்.

பைக்கில் அண்ணன் வழிநெடுக அவளைக் காய்ச்சி எடுத்தான். உனக்கேன் இந்த ஊர்வம்பு, என் உயிரோடவா விளையாடறே என்று நிறுத்தாமல் திட்டியவன், சிக்னலில் நின்றபோது குரலைத் தாழ்த்தினான்.

"பஸ் ஏறிட்டாங்களா?"

"கிளம்பினதைப் பாத்துட்டுத்தான் வந்தேன்."