சிதுண்டு ஊற்றில் இரண்டாம் இரவு

அந்தத் திங்கட்கிழமை வட்டக் கூடத்தில் இருந்தவர்கள் நான்கே பேர். ஆட்டுக் குலத்துக் கலுங்கா, காட்டு இலாகாவில் முப்பது வருடம் காவலராக இருந்தவர், பயணிகளைக் காட்டுக்குள் கூட்டிப்போகும் நடைப்பயணத்துக்கு வழி வகுப்பவர். சிறுத்தைக் குலத்துச் சோங்கோ, அந்தப் பயணிகள் தங்கும் முகாமின் சமையல் பொறுப்பு. துப்பாக்கி ஏந்தி முன்னால் நடக்கும் சிசாலா. பள்ளித் தலைமையாசிரியர் கசுபா, கடிதம் எழுதுபவர். ஐந்தாவதாக யாரும் இல்லை. பின்னால் பலர் தாங்களும் இருந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள்.

வெளிநாட்டிலிருந்து ஆறு பேர் எழுதியிருந்தார்கள். வண்டித் தடமே இல்லாத காட்டில், மழையில்லாத செப்டம்பரில், ஐந்து நாள் நடக்க வேண்டுமாம். லுவாங்வா ஆற்றங்கரையின் பெரிய விடுதிகளை விட்டுவிட்டு இந்த ஊரைத் தேடி வந்த முதல் கடிதம் அது. ஒவ்வொரு இரவும் எங்கே தங்குவது, தண்ணீர் எங்கே என்று கேட்டிருந்தார்கள். வியாழக்கிழமை லாரியில் பதில் போக வேண்டும்.

கலுங்கா நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லச் சொல்ல, கசுபா எழுதினார்.

"முதல் ராத்திரி கருங்காலித் தோப்பு. ரெண்டாவது ராத்திரி சிதுண்டு ஊத்து."

"அந்த ஊத்தைக் கடைசியா யாரு மச்சான் பார்த்தது?" என்றாள் சோங்கோ, கடலையை உரித்துக்கொண்டே.

"சிதுண்டு ஊத்து வத்தாது."

"அது எனக்கும் தெரியும். ஆடு சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா மூணு வருஷமா மழை ஏமாத்துது. ஆறு வெள்ளைக்காரங்களுக்கும் நான் எதுல களி கிண்டுறது, உங்க தாடியைப் பிழிஞ்சா?"

சிசாலா சிரிப்பை அடக்க இருமினான். கலுங்காவும் சிரித்தார், சிரித்தே ஆக வேண்டும். ஆட்டுக்கும் சிறுத்தைக்கும் கேலி முறை. முறைக்காரி என்ன சொன்னாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒரு குலத்தில் சாவு விழுந்தால் குழி வெட்டுவதும், அந்த வீட்டிலேயே நின்று கேலி பேசுவதும் மற்றக் குலத்தின் உரிமை.

ஆனால் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. சிதுண்டு அவருடைய தாய்மாமன். பஞ்ச வருடத்தில் அந்த ஊற்றைக் கண்டு ஊரைக் காப்பாற்றியவர். அவர் இறந்தபோது அவருடைய வில்லைக் கலுங்காவின் கையில் கொடுத்து, பெயரையும் கொடுத்தார்கள். அன்றிலிருந்து கலுங்காதான் சிதுண்டு. ஊற்றைச் சந்தேகப்பட்டால் அது செத்தவரையும் இருப்பவரையும் ஒரே சமயத்தில் சந்தேகப்படுவது.

"நாளைக்கே போவோம்," என்றார் கலுங்கா. "நீயும் வா. பானையையும் தூக்கிக்கோ. அங்கயே களி கிண்டி நீயே தின்னு."

செவ்வாய் விடியலில் கிளம்பினார்கள். முன்னால் சிசாலாவின் துப்பாக்கி, அடுத்து கலுங்கா, கடைசியில் தலையில் பானையோடு சோங்கோ. மோபானி மரக் காட்டில் ஈக்கள் முதுகைத் துளைத்தன. வழியெல்லாம் சோங்கோவின் வாய் ஓயவில்லை.

"மெதுவா மச்சான். சிறுத்தை பின்னாடி வர்றப்ப ஆடு வேகமா நடக்கும், அது சகஜம்தான்."

"கிழட்டுச் சிறுத்தை. பல்லு எத்தனை மிச்சம்னு எண்ணிக் காட்டு."

"உங்களைத் தின்ன பல்லு எதுக்கு? ஊறவச்சாப் போதும்."

கருங்காலித் தோப்பில் தங்கி, புதன் காலை வெயில் ஏறும் முன்பே ஊற்றை அடைந்தார்கள்.

மணல். பாறைக்கு அடியில் எப்போதும் கண்ணாடி போல் நிற்கும் இடத்தில் வெறும் மணல். அதில் ஐந்து குழிகள், ஒவ்வொன்றும் தும்பிக்கை நுழையும் அகலம். கலுங்கா மண்டியிட்டு ஆழமான குழியில் கையை விட்டார். தோள் வரை போன பிறகுதான் விரல் நுனியில் ஈரம் பட்டது.

யானை வருகிறது என்று சிசாலா நாக்கைச் சொடுக்கினான். மூவரும் கரைமேட்டில் ஏறிக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். தாய் யானை ஒன்று குட்டியோடு வந்தது. தான் கொஞ்சம் உறிஞ்சிவிட்டு, குழியின் விளிம்பைக் காலால் இடித்துச் சரித்தது. குட்டிக்குத் தும்பிக்கை எட்டவில்லை. முன்கால்களை மடக்கிப் படுத்து, தலையையே உள்ளே விட்டுக் குடித்தது. அவை போக வெகுநேரம் ஆயிற்று.

சோங்கோ ஒன்றும் பேசவில்லை. காலியான பானையை மடியில் வைத்துக்கொண்டு மணலைப் பார்த்தபடி இருந்தாள். கலுங்காவுக்கு அதுதான் தாங்க முடியவில்லை. இவள் சாவு வீட்டில் கூட வாய் மூடாதவள். இவளே பேசாமல் இருந்தால், இது கேலிக்கும் அடங்காத அவமானம் என்று ஆகிவிடும்.

"ஏன் சும்மா இருக்கே?"

"என்ன சொல்ல, மச்சான்..."

"முறையைச் செய். கேலி பண்ணு."

சோங்கோ அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமினாள்.

"ஆட்டுக் கூட்டத்தோட பெருமையப் பாரு! ஊருக்கே தண்ணி காட்டின ஆடு, இப்போ ஒரு குட்டி யானைக்குப் பின்னாடி வரிசையில நிக்குது. அதுவும் கடைசியில!"

கலுங்கா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து, மணலில் குச்சியால் புது வழியைக் கீறினார். இரண்டாம் இரவு இங்கே இல்லை. இன்னும் மூன்று மணி நேரம் நடந்தால் பெரிய ஆற்றின் வளைவு, புளியமரங்கள், செப்டம்பரிலும் ஓடும் நீர். இங்கே பகலில் மட்டும், யானைகளைப் பார்க்க, இந்தப் பாறைக்குப் பின்னால்.

"நாம தோண்டினா, அதுங்க வராது," என்றார். "நம்ம தண்ணியை நாம தூக்கிக்கிட்டு வருவோம்."

எங்கும் தங்காமல் நடந்து அன்றிரவே ஊர் திரும்பினார்கள். வியாழன் காலை லாரி புறப்படும் முன் கூடத்தில் அதே நான்கு பேர். கசுபா பேனாவை எடுத்தார்.

"பெரியவரே, 'விருந்தினர் வசதிக்காக இடம் மாற்றப்பட்டது'ன்னு எழுதிடட்டுமா? உங்க மாமா பேருக்கும் ஒண்ணும் வராது."

"வேண்டாம் வாத்தியாரே. சிதுண்டு ஊத்துல ஆளுங்களுக்குத் தண்ணி இல்லேன்னு எழுதுங்க. இருக்கிறது யானைகளுக்கு. கரையில உட்கார்ந்து பார்க்கலாம், இறங்கக் கூடாது. இதைச் சொன்னது சிதுண்டுன்னு கீழே எழுதுங்க."

"கலுங்கான்னு போடட்டுமா?"

"சிதுண்டு."

கசுபா எழுதினார். சோங்கோ எட்டிப் பார்த்து, "கையெழுத்துக்குப் பதிலா குளம்பை வைங்க மச்சான்," என்றாள்.

விருந்தினர் ஆறு பேரும் செப்டம்பரில் வந்தார்கள், பாறைக்குப் பின்னால் அரை நாள் உட்கார்ந்தார்கள், புளியமரத்தடியில் சோங்கோவின் களியைத் தின்றார்கள்.

சிதுண்டு ஊற்று வற்றிவிட்டது, ஆட்டுக் குலத்தார் அதை மறைத்தார்கள், ஒரு சமையல்காரி கண்டுபிடித்தாள் என்று நகரத்தில் லாரிக்காரர்கள் சொல்லித் திரிகிறார்கள். அது தவறு. ஊற்று வற்றவில்லை, ஒரு கை ஆழத்துக்குக் கீழே இறங்கியிருக்கிறது. அதில் கை விட்டுப் பார்த்தவர் சிதுண்டு. எழுதச் சொன்னவரும் அவரே.