இறந்தவரின் மைல்கள்

இயந்திரம் விற்க நாடு நாடாகப் பறந்த என் கணவர், விமானப் பயணங்களுக்குப் பரிசாகச் சேர்ந்த மைல்களைக் கொடுத்து எனக்கொரு டிக்கெட் எடுப்பதாகச் சொல்லியிருந்தார். அவர் இறந்த மூன்றாம் நாள், கொழுந்தன் மடிக்கணினியோடு என் எதிரே உட்கார்ந்தான்.

“அண்ணி, அண்ணன் போயிட்டது தெரிஞ்சா மைல் கணக்கை மூடிருவாங்க. அதுக்குள்ள என் பொண்டாட்டிக்கு டிக்கெட் போட்டுடுறேன். அண்ணன் போனுக்கு ஓடிபி வரும், பாத்துச் சொல்லுங்க.”

“எங்க போறா?”

“சும்மா, சுத்திப் பாக்கத்தான். வீணாப் போறது யாருக்காவது உதவட்டுமே.”

என் கையில் அவர் கைபேசி அதிர்ந்தது. எண்ணைச் சொல்லாமல், அதிலிருந்தே விமான நிறுவனத்தை அழைத்து, என் கணவர் இறந்துவிட்டார் என்றேன்.

“கெடுத்துட்டீங்களே அண்ணி,” என்றான். அண்ணன் செத்த அன்றுகூட அவன் முகம் அப்படி வாடவில்லை.