ஈரச் சேற்றின் எடை

திருப்பதியின் உயிருக்கு ரகுநாத் போட்ட விலை எழுபத்தைந்தாயிரம் ரூபாய். அதிலும் ஐயாயிரம் குறைத்துத்தான் கவரில் வைத்திருந்தான். துக்க வீட்டில் யார் எண்ணப் போகிறார்கள் என்ற தைரியம். பொன்னமராவதியில் புளி மண்டி நடத்துகிறவள் எண்ணாமல் இருப்பாளா? உண்ணாமலை எண்ணினாள். புருஷன் திருப்பதியின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தே எண்ணினாள். பிறகு கவரை அப்படியே திருப்பி அனுப்பினாள்.

ஊரணிக் கரையில் ரகுநாத்துக்கு இரும்பில் குரோமிய முலாம் பூசும் பட்டறை இருந்தது. கழிவெல்லாம் பல வருஷமாகக் குழாய் வழியே ஊரணிக்குள்தான் இறங்கியது. தண்ணீர் எலுமிச்சை நிறமானபோது ஊர் அதைப் பாசி என்றது. திருப்பதிக்குச் சிறுநீரகம் இரண்டும் சுருங்கியபோது விதி என்றது. உண்ணாமலை மட்டும் கோர்ட்டுக்குப் போனாள். பட்டறைக்குப் பூட்டு விழுந்தது. ஊரணியை ரகுநாத் தன் செலவில் சுத்தம் செய்ய வேண்டும், செய்கிற முறைக்கு ஊர்க் கமிட்டி கையெழுத்துப் போட வேண்டும் என்று தீர்ப்பானது. கமிட்டிக்குத் தலைவி உண்ணாமலை.

அவளுக்கு அது போதவில்லை. கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டுக் காரில் ஏசி போட்டுக்கொண்டு போகிறவனுக்கு அது தண்டனையா, டோல்கேட்டா?

இஞ்சினியர் தேவிப்ரியா மண்டிக்கே வந்து விளக்கினாள். தண்ணீர் சுலபம். அன்னபேதி உப்பைக் கலந்தால் குரோமியத்தின் வீரியம் அடங்கும். சுண்ணாம்பு போட்டால் பச்சைக் கசடாக அடியில் படிந்துவிடும். வில்லங்கம் அடிச் சேற்றில்தான். மணல் கொட்டி மூடலாமென்றால், கோடையில் ஊரணி வறண்டு வெடிக்கும், விஷம் மேலே வரும் என்று அதிகாரிகள் அதைத் தள்ளிவிட்டார்கள். சேற்றைத் தோண்டி, பெரிய நெசவுப் பைகளில் அடைத்து, நீரை வடித்துச் சுத்திகரித்து, மிச்சத்தை வடக்கே உள்ள நச்சுக் கழிவுக் கிடங்கில் புதைக்க வேண்டும். கிடங்கில் டன் கணக்கில் கட்டணம்.

"சேத்துல தண்ணி எவ்வளவும்மா இருக்கும்?"

"அஞ்சுல நாலு பங்கு தண்ணிதாங்க்கா."

"பையில வடிக்காமக் கொண்டு போனா?"

"மூடுன டேங்கர்ல போகலாம். கிடங்குலயே சிமெண்ட் கலந்து கெட்டியாக்குவாங்க. ஊருக்கு ஒரு கெடுதியும் இல்ல. எடைதான் தாறுமாறா ஏறும்."

உண்ணாமலையின் கை புளிக்கூடைக்குள்ளேயே நின்றுவிட்டது. ஈரப் புளி வாங்குகிறவன் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறவன் என்பது மண்டியில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ரகுநாத் புளி வியாபாரி இல்லை. ஆனால் பேரம் பேசாமல் மூச்சுவிடாத ஆள். எதிராளி எதை விடமாட்டேன் என்கிறானோ, அதைத்தான் முதலில் பிடுங்குவான்.

மறுவாரம் அவனே வந்தான், மதிப்பீட்டுத் தாளோடு.

"என்னக்கா இது, ஊரணியத் தூர் வாரச் சொன்னா ஒரு கல்யாணச் செலவு போட்டு வச்சிருக்கீங்க?"

"எதை வேணாலும் கொறைங்க தம்பி. அந்தப் பையில மட்டும் கை வைக்காதீங்க."

அவன் கண் தாளில் பாய்ந்தது. "பதினெட்டு லட்சமா! சேத்துக்கா பை? எம் மகளுக்கே நான் அம்பது ரூவாய்க்கு மேல பை வாங்குனதில்ல!"

தேவிப்ரியாவுக்குப் பொறுக்கவில்லை. "சார், தண்ணிய வடிக்காம ஏத்துனா எடை..."

"நீங்க சும்மா இருங்கம்மா. பைக் கம்பெனிக்காரன் ஒங்களுக்கு என்ன தாரேன்னான்?"

தேவிப்ரியா வாயை மூடிக்கொண்டாள். அதற்கப்புறம் திறக்கவே இல்லை.

உண்ணாமலை ஒரு மணி நேரம் இழுத்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அவர் இருந்திருந்தால் இப்படி விட்டிருப்பாரா என்றாள். விற்றே தீரவேண்டிய சரக்கை விற்க மனமில்லாதவள்போல் வைத்திருப்பது அவளுக்குப் பழகிய வேலை. கடைசியில் பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்தாள்.

"நில்லுங்க," என்றான் ரகுநாத். "நாளைக்கே பை கிய்யின்னு யாரும் வரக்கூடாது. அதையும் எழுதுங்க."

எழுதிக் கொடுத்தாள். அவன் காபி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனான்.

டேங்கர்கள் கிளம்பின. கிடங்கின் எடைமேடை ரசீதுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சிமெண்ட் கலக்கும் கூலி தனி. கட்டணம் கட்டியே ரகுநாத்தின் தென்னந்தோப்பு விலைக்குப் போனது. பாதி ஊரணி தோண்டுவதற்குள் ரகுநாத் மண்டிக்கு ஓடி வந்தான். இந்தத் தடவை பஸ்ஸில்.

"அக்கா, நான் தண்ணிக்குல்ல காசு கட்டிக்கிட்டிருக்கேன்!"

"எங்க ஊரணித் தண்ணிதானே தம்பி? அதுக்கு எங்க வீட்டுக்காரரு ஒடம்பையே குடுத்தாரு. நீங்க காசுதானே குடுக்குறீங்க."

"மிச்சத்துக்காச்சும் பையப் போட்டுக்கிறேன். ஒங்க கால்ல விழுறேன்க்கா."

"பை கிய்யின்னு யாரும் வரக்கூடாதுன்னு நீங்கதானே எழுதி வாங்குனீங்க? நான் சொன்ன சொல் மாறமாட்டேன். காபி சாப்பிடுறீங்களா?"

அவன் சாப்பிடவில்லை.

மழைக்குப் பின் ஊரணி நிறைந்தது. குடிக்கலாம் என்று பரிசோதனை முடிவு வந்தது. உண்ணாமலை ஒரு சொம்பில் மொண்டு வந்து திருப்பதியின் படத்துக்கு முன்னால் வைத்தாள். தண்ணீருக்கு நிறமே இல்லை. உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினாள்.

பட்டறை, தென்னந்தோப்பு, கார். வரவு மூன்று. சிறுநீரகம் இரண்டு, ஆள் ஒன்று. பற்று மூன்று.

எண்ணிக்கைக்குச் சரி. எடை போட்டால்தான் இன்னும் குறைகிறது.