ஒரு வீட்டார் தூக்காத வாளி

“எங்க அண்ணன்கிட்ட எப்பதான் கேக்கப்போறே?”

“ஈஸ்டர் போவட்டும், ஜெசிந்தா.”

“எந்த வருசத்து ஈஸ்டருன்னு சொல்லிடு. நானும் அதுக்குத் தக்கினமாரி வயசாவுறேன்.”

மூன்று வருஷங்களுக்கு முன்னால், சாந்தோம் கோயிலுக்குப் பின்னால் இருந்த மணல்மேட்டில் நடந்த பேச்சு இது. ராயப்பேட்டைத் தெருக்களில் மீன் விற்றுவிட்டுத் திரும்பிய ஜெசிந்தா, வெறுங்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அப்போதெல்லாம் அதைச் சிரித்துக்கொண்டே கேட்க அவளால் முடிந்தது. லூர்துசாமியும் வரப்போகிற ஈஸ்டரைத்தான் மனத்தில் வைத்திருந்தான். அது போயிற்று. அடுத்ததும் போயிற்று. இப்போது 1934-ஆம் வருஷத்து ஈஸ்டரும் போய், ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அவன் இன்னும் கேட்கவில்லை. அவள் நினைவூட்டுவதை நிறுத்திவிட்டாள்.

அவனைப் பயந்தவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. மயிலாப்பூர்க் கால்வாய்க் கரையில் இருந்த இரும்பு வார்ப்புப் பட்டறையில், பதினோரு வருஷமாக உருகிய இரும்பைச் சுமந்து அச்சில் ஊற்றுகிறவன் அவன். மாம்பலத்துப் பக்கம் புதிது புதிதாக எழும்பிய வீடுகளுக்கு மாடிப்படிக் கம்பிகள், தெருவுக்கு விளக்குக் கம்பங்கள், சாக்கடைக்கு மூடிகள் என்று பட்டறைக்கு வேலை ஓயாது. புதனும் சனியும் விடியற்காலையில் உலை மூட்டுவார்கள். பகல் இரண்டு மணிக்கு உலையின் வாயைத் திறந்தால், களிமண் பூசிய வாளியில் இரும்புக் குழம்பு வந்து விழும். வாளியை இரண்டு பேர் தூக்க வேண்டும். முன்னால் போகிறவன் கையில் ஒற்றைத் தண்டு. பின்னால் வருகிறவன் கையில் கவைபோலப் பிரிந்த இரட்டைப் பிடி. வாளியைச் சாய்க்கிறவன் பின்னவன்தான். ஊற்ற ஆரம்பித்தால் அச்சு நிரம்பும்வரை கை நிற்கக் கூடாது. நின்றால் முதலில் விழுந்ததும் பிறகு விழுந்ததும் ஒட்டாமல், வார்ப்பு குறுக்கே பிளந்துபோகும். அந்த நேரத்தில் பட்டறையில் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

லூர்துசாமிக்கு முன் தண்டு. பின்பிடி மாசிலாமணிக்கு. மாசிலாமணிதான் ஜெசிந்தாவின் அண்ணன். தாய் தகப்பன் இல்லாத அந்த வீட்டுக்குப் பெரியவனும் அவனே.

சிக்கல் அங்கேதான் இருந்தது. ஷரஃபுதீன் மேஸ்திரியின் பட்டறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரே வீட்டைச் சேர்ந்த இரண்டு பேர் ஒரே வாளியைத் தூக்கக் கூடாது. மேஸ்திரி வாலிபராக இருந்தபோது, அண்ணனும் தம்பியும் தூக்கிப்போன வாளி கவிழ்ந்து, ஒரே பகலில் இருவரும் போய்விட்டார்கள். அவர்களுடைய தாயிடம் போய்ச் சொல்லும் வேலை மேஸ்திரி தலையில் விழுந்தது. அவள் அழவில்லையாம். இரண்டு பேருமா, இரண்டு பேருமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். அன்று முதல், வாளி பிடிக்க வருகிறவன் யாரானாலும் மேஸ்திரி முதலில் உறவுமுறையைத்தான் விசாரிப்பார். பெண் கொடுத்து எடுத்தாலும் அவர் கணக்கில் ஒரே வீடுதான். அங்கே வாளி தூக்கிய கங்காதரன் தன் ஜோடிக்காரனுடைய தங்கையைக் கட்டியபோது, கல்யாணத்துக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டு வாழ்த்திவிட்டு, மறுநாளே இருவரையும் வேறு வேறு வாளிக்கு மாற்றிவிட்டார்.

மாற்றினால் மாற்றட்டும், வேறு ஒருவனோடு தூக்கிவிட்டுப் போவது என்றுதான் லூர்துசாமியும் முதலில் நினைத்தான். ஆனால் அந்த முதல் ஈஸ்டருக்கு முந்தின வாரம், மாசிலாமணி அச்சின் வாயை இரண்டு விரல் தப்பி ஊற்றினான். அடுத்த சனிக்கிழமையும் அப்படியே ஆயிற்று. பதினைந்து வருஷமாக வெள்ளை நெருப்பைப் பார்த்துப் பார்த்து, மாசிலாமணியின் பார்வைக்கு நட்டநடுவில் ஒரு கறுப்புக் காசு உட்கார்ந்துவிட்டது. தெருவில் நடப்பான், ஆளைக் குரலால் அறிவான், கோயிலில் மண்டியிடும் இடம் தெரியும். வாளி சாயும்போது மட்டும், எதைப் பார்க்க வேண்டுமோ அது தெரியாது.

இதை அவன் சொல்லவில்லை. லூர்துசாமியும் கேட்கவில்லை. மூன்றாவது முறை அச்சுக்கு முன்னால் வந்து நின்றபோது, வாளியின் மூக்கு அச்சின் வாய்க்கு நேராக வரும்படி தானே நகர்ந்து நின்று, கையிலிருந்த தண்டை லேசாக ஒரு முறை அழுத்தினான். இரும்பின் வழியாக அந்த அழுத்தம் மாசிலாமணியின் உள்ளங்கைக்குப் போயிற்று. மாசிலாமணி சாய்த்தான். அச்சின் மறுமுனையில் காற்றுப் போக விட்டிருந்த துளையில் இரும்பு எட்டிப் பார்த்ததும், இன்னொரு முறை அழுத்தினான். மாசிலாமணி நிமிர்த்தினான். வார்ப்பு கச்சிதமாக வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு அச்சுக்கும் இரண்டு அழுத்தம். பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூடத் தெரியாது.

பெண் கேட்டால் ஜோடி பிரியும். ஜோடி பிரிந்தால் மாசிலாமணியின் முன்னால் வேறு ஒருவன் நிற்பான். அவனுக்கு அழுத்தத் தெரியாது. அப்புறம் யார் காலில் விழுமோ அந்த இரும்பு? ஒருவேளை உண்மை வெளியே வந்தால் மாசிலாமணியின் பிழைப்புப் போய்விடும். இந்த இரண்டையும் லூர்துசாமி ஜெசிந்தாவிடம் சொல்லியிருக்கலாம். அண்ணன் தங்கையிடமே மறைத்து வைத்ததை, தான் போட்டு உடைப்பது நியாயமாகப் படவில்லை. ஆகவே ஈஸ்டர்மேல் ஈஸ்டராகத் தள்ளிக்கொண்டு வந்தான்.

ஆடி மாதத்தில் ராயபுரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. சொந்தப் படகு வைத்திருக்கும் குடும்பம். பையன் நல்லவன் என்று எல்லாரும் சொன்னார்கள். ஜெசிந்தா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். அதை மாசிலாமணி, பட்டறைக்குப் பின்னால் கால்வாய்ப் படியில் கை கழுவும்போது லூர்துசாமியிடம் கொண்டுவந்தான்.

“உன்னாண்ட ஒரு வார்த்தை கேட்டுக்கச் சொன்னா. நீ இன்னா சொல்றே?”

அவள் தனக்குத் திறந்துவிட்ட கதவு அது என்று லூர்துசாமிக்குப் புரியாமல் இல்லை. வாயைத் திறந்தால் போதும். அவன் மாசிலாமணியைப் பார்த்தான். மாசிலாமணி தண்ணீரை வாரிக் கண்ணில் அடித்துக்கொண்டிருந்தான். ஒரு முறை, இரண்டு முறை, பிறகு இன்னும் ஒரு முறை, எதையோ கழுவி எடுத்துவிடலாம் என்பது போல.

“நல்ல இடந்தான்,” என்றான் லூர்துசாமி.

ராயபுரத்து இடமே முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இருவர் பெயரையும் சொல்லி முதல் கல்யாண ஓலை வாசிப்பது என்று சாமியாரிடம் சொல்லியாயிற்று. மூன்று ஞாயிறு ஓலை வாசித்தால் கல்யாணம். அந்த வாரம் முழுதும் லூர்துசாமி ஜெசிந்தாவின் கண்ணில் படாமல் வேறு சந்து வழியாகப் போய் வந்தான்.

சனிக்கிழமை உலை திறந்தது. ஐந்து அச்சுகள் ஒழுங்காக நிரம்பின. ஆறாவது, விளக்குக் கம்பத்தின் அடிப்பாகம். லூர்துசாமி நேராக நின்றான், அழுத்தினான், மாசிலாமணி சாய்த்தான். இரும்பு அச்சுக்குள் இறங்கும் சத்தம் சீராகக் கேட்டது. நாளைக்கு இந்நேரம் அவள் பெயரோடு வேறொருவன் பெயரை ஊரே கேட்டிருக்கும் என்ற நினைப்பு, அந்தச் சத்தத்தின் நடுவே வந்து உட்கார்ந்துகொண்டது. துளையில் இரும்பு எட்டிப் பார்த்தது. அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். கை அழுத்தவில்லை.

இரும்பு பொங்கி, அச்சுப் பெட்டியின் ஓரமாக வழிந்து, ஈரத் தரையைத் தொட்டது. பட்டென்று வெடித்துப் பொறி சிதறியது. ஒரு துண்டு மாசிலாமணியின் கணைக்காலில் கட்டியிருந்த சாக்கைத் துளைத்துக்கொண்டு போயிற்று. அவன் பல்லைக் கடித்தான், பிடியை விடவில்லை. லூர்துசாமியும் விடவில்லை. இருவரும் அப்படியே எட்டு அடி நடந்து, மிச்சத்தை மணல் குழியில் கொட்டிவிட்டு வாளியைக் கீழே வைத்தார்கள்.

ஷரஃபுதீன் மேஸ்திரி வந்து மாசிலாமணியின் காலைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். என்ன நடந்தது என்று இறைந்து கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. லூர்துசாமி முந்திக்கொண்டு, தன் கால் இடறிவிட்டது என்றான். அப்படியானால் திங்கட்கிழமையிலிருந்து அவன் வாளியைத் தொட வேண்டாம், கரி சுமக்கட்டும் என்றார் மேஸ்திரி.

மாசிலாமணி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

“அவன் கால் ஒண்ணும் இடறல, மேஸ்திரி. எனக்குக் கண்ணு தெரில.”

எத்தனை நாளாக என்று மேஸ்திரி கேட்டார். மூன்று வருஷம் என்றான். மேஸ்திரி லூர்துசாமியின் பக்கம் திரும்பி, உனக்குத் தெரியுமா என்றார். தெரியும் என்று லூர்துசாமி தலையை ஆட்டினான். மேஸ்திரிக்குக் கோபத்தைவிட வேறு என்னவோ வந்தது. குல்லாவைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“நான் இன்னாத்துக்குடா ஜோடி பார்த்து நிக்க வைக்கிறேன்? நீங்க ரெண்டு பேரும் மூணு வருசமா என் எதுர்லயே செத்துப் பொழைச்சுக்கினு இருந்திருக்கீங்க.”

பிறகு மாசிலாமணியைப் பார்த்து, திங்கட்கிழமை வா, கைக்கு மட்டும் தெரிந்தால் போதுமென்ற வேலை மணல் பக்கத்தில் ஏதாவது இருக்கும், பார்க்கலாம் என்றார். நிச்சயமாக ஒன்றும் சொல்லவில்லை.

கச்சேரி ரோடு வழியாக இருவரும் நடந்தார்கள். மாசிலாமணி நொண்டினான், லூர்துசாமியின் தோளில் கை போட்டிருந்தான். தன் கவனப் பிசகால் வந்த காயம் என்று லூர்துசாமி மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தபோது, மாசிலாமணி நின்றுவிட்டான்.

“நீ ஒண்ணும் கேக்காதே. நான் சொல்றேன். அவ உன்னாண்ட கேக்கச் சொன்னப்பவே உங்க ரெண்டு பேர் விசயம் எனக்கு வெளங்கிச்சு. அதுக்கு முன்னாலயே தெரியும். தெரிஞ்சிக்கினுதான் கேட்டேன். நம்ம ஜோடி பிரியாம இருக்க, நல்ல இடம்னு நீ சொல்லிடணும்னு மாதாவ வேண்டிக்கினே கேட்டேன்.”

லூர்துசாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோளில் இருந்த கையை ஒரு கணம் உதறிவிடத் தோன்றியது. தன் தியாகம் என்று மூன்று வருஷம் பொத்தி வைத்திருந்த ஒன்றை, எதிர்முனையில் ஒருவன் தெரிந்தே வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். ஆனால் அந்தக் கை, நொண்டும் காலுக்காக, அவன் தோளை அழுத்திப் பிடித்திருந்தது. அவன் உதறவில்லை. வீடு வரையில் தாங்கிக்கொண்டே போனான்.

ஜெசிந்தா வாசலில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அண்ணனின் காலைப் பார்த்ததும் உள்ளே ஓடி, சுண்ணாம்புத் தெளிவும் தேங்காய் எண்ணெயும் கலந்து எடுத்து வந்தாள். அவனைக் கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்து, மீன் வாடை போகாத விரல்களால் புண்ணைச் சுற்றித் தடவினாள். மாசிலாமணி எல்லாவற்றையும் சொன்னான். கண்ணைப் பற்றிச் சொன்னான், தண்டின் இரண்டு அழுத்தத்தைச் சொன்னான், தான் வேண்டிக்கொண்டதையும் ஒளிக்காமல் சொன்னான். அவள் கை ஓரிடத்தில் மட்டும் நின்று, மறுபடி தடவியது.

“நல்ல இடம்னியாமே,” என்றாள், லூர்துசாமியைப் பார்க்காமல்.

“சொன்னேன்.”

“யாருக்கு நல்ல இடம்?”

கோயிலில் மாலை மணி அடித்தது. சாமியாரிடம் ஓலையை நிறுத்தச் சொல்ல வேண்டுமானால் இப்போதே போக வேண்டும். மாசிலாமணி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“கேளேன்டா லூர்து. நான் இன்னா வேணாம்னா சொல்லப்போறேன்?”

உன் தங்கச்சியை எனக்குக் குடு என்பதுதான் மூன்று வருஷமாக லூர்துசாமியின் நெஞ்சுக்குள் உருண்டுகொண்டிருந்த வாக்கியம். அதைச் சொல்லத்தான் மாசிலாமணியின் பக்கம் திரும்பினான். மாசிலாமணியின் முகத்தில் சம்மதம் தயாராகக் காத்திருந்தது. ஆனால் ஜெசிந்தாவின் முகம் இன்னும் குனிந்தே இருந்தது. அவளுக்கு இடம் பார்த்ததும், நல்ல இடம் என்றதும், அவளுக்குத் தெரியாமல் அவளை விட்டுக்கொடுத்ததும், விட்டுக்கொடுத்ததை வாங்கிக்கொண்டதும் எல்லாம் இவர்கள் இரண்டு பேரும்தான். இத்தனை நாளில் ஒருவன்கூட அவளைக் கேட்டதில்லை. இவ்வளவு நடந்த பிறகு அவள் சரி என்பாள் என்று எந்த நிச்சயமும் இல்லை. ராயபுரத்துப் பையன் நல்லவன்.

லூர்துசாமி கட்டிலைச் சுற்றி வந்து, அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டான். வேறு வழியில்லாமல் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“ஜெசிந்தா, நான் உன்னாண்டதான் கேக்கறேன். என்னக் கட்டிக்கிறியா?”