கேட் முன்ன, மிஷின் பின்ன

1

இந்தக் கதை ஒரு பேனாவால் வந்த வினை. ஓசூர் நூலகத்தில் 'காலமும் இடமும்' பற்றிப் பேச ஒப்புக்கொண்டுவிட்டு, ஒரு வரிகூட ஓடாமல், ஜூஜுவாடியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். உலகமே இல்லாவிட்டாலும் காலம் தன்பாட்டுக்கு ஓடும், பொருள்கள் வருவதற்கு முன்பே இடம் காலி மைதானமாக விரிந்து கிடக்கும் என்பது ஒரு கட்சி. அதெல்லாம் சும்மா, எது முன்னால் எது பின்னால் என்பதுதான் காலம், எது எதற்குப் பக்கத்தில் என்பதுதான் இடம் என்பது இன்னொரு கட்சி. நான் எந்தக் கட்சி என்று எனக்கே தெரியாது.

"சார், பேனா இருக்குங்களா? எழுதிட்டுக் குடுத்துடறேன்" என்றாள் பக்கத்து சீட்டுப் பெண்.

கொடுத்தேன். இன்றுவரை திரும்பி வரவில்லை. அவள் பெயர் சுகுணா. காகிதத்தின் தலையில் இரண்டே வார்த்தை எழுதினாள்: முன்ன, பின்ன. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மனிதர்கள் நூறு நூறு பக்கமாகச் சண்டை போட்ட விஷயம்! விசாரித்தேன். ஓசூர் வரும்வரை சொன்னாள், அப்புறம் போனிலும்.

(அடுத்த இரண்டு பகுதிகளின் எண்கள் மாறிக் கிடக்கின்றன. என் கைத்தவறுதான். கவனித்த பிறகும் திருத்தவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.)

3

சிப்காட்டின் மேல் காலைப் பனி ஒரு வெள்ளை... வேண்டாம். பனிக்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை.

தேன்கனிக்கோட்டையிலிருந்து வந்த கம்பெனி பஸ் நின்றது. சுகுணா இறங்கி கேட்டில் விரலை வைத்தாள். கேட் கடிகாரம் 6:02 என்று பதிந்தது. அவளுக்குப் பின்னால், அதே பஸ்ஸில் கூட வந்த அன்னமேரி விரல் வைத்தாள். இருவரும் பேசிக்கொண்டே உள்ளே போனார்கள்.

2

அன்னமேரி பார்த்துக்கொண்டிருக்க, சுகுணா தன் மிஷினின் பட்டனை அமுக்கினாள். அன்றைய முதல் பீஸ் ஓடத் தொடங்கியது. போன மாதம் வந்த புது மிஷின் அது. நேரத்தைத் தானே எழுதி வைத்துக்கொள்ளும். எழுதியது: 5:58.

4

சென்னையிலிருந்து புதிதாக வந்த அதிகாரி பாஸ்கரன் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஆள் வருவதற்கு நாலு நிமிஷம் முன்பே மிஷின் ஓடியிருக்கிறது. அப்படியானால் இவளுக்குப் பதில் வேறு யாரோ ஓட்டியிருக்கிறார்கள். ஆள்மாறாட்டம். நிரந்தர ஆர்டருக்காக இரண்டு வருஷமாகக் காத்திருக்கும் சுகுணா கையில் விசாரணைக் கடிதம் வந்தது. குற்றம் உறுதியானால் வேலை போகும்.

அவருக்குத் தெரியாத ஒன்று பஸ்ஸில் வரும் அத்தனை பேருக்கும் தெரியும். ஜனங்கள் அடித்துப் பிடித்து ஓடிவரட்டும் என்று சூப்பர்வைசர் முனிவேல் கேட் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் தள்ளி வைத்திருந்தார். அதில் 6:02 என்றால் உண்மையில் 5:52தான். அதனால் அதில் ஆறு பத்து வரை லேட் கிடையாது. 'முனிவேல் டைம்' என்று அதற்குப் பெயரே உண்டு. பெரிய ஆபீசுக்கு மட்டும் யாரும் சொன்னதில்லை.

சுகுணா அவரிடம் ஓடினாள்.

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா" என்றார் முனிவேல், பாதிக் கன்னடத்தில். "கடிகாரம் கரெக்டாதான் ஓடுது. வேணும்னா போய்ப் பாரு."

போய்ப் பார்த்தாள். கரெக்டாகத்தான் ஓடியது. அதற்கு முந்தின நாளே திருத்திவிட்டார் மனுஷன்.

(இவரை வில்லனாக்க முதலில் ஒரு மீசை வரைந்தேன். பிறகு அழித்தேன். மாட்டினால் அவர் வேலையும் போகும், பயந்துவிட்டார். ஆனாலும் எனக்கு வயிறு எரிகிறது.)

5

வேறொருத்தி என்றால் அழுதிருப்பாள். சுகுணாவும் அழுதாள், ஒரு நாள். மறுநாள் காகிதத்தோடு அன்னமேரி வீட்டு வாசலில் நின்றாள்.

"எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குது சுகுணா. மணி என்னன்னு கேட்டா நான் என்னாத்த சொல்றது?"

"மணிய உன்ன யாருக்கா கேட்டா? நான் வெரலு வெச்சப்புறம்தான நீ வெச்ச? அப்புறம் நீ பாக்கத்தான நான் பட்டன அமுத்துனேன்? அத மட்டும் எழுது."

"பஸ்ஸுல எந்த சீட்டுன்னு கேட்டா?"

"சுகுணா பக்கத்துலன்னு சொல்லு. அதவிட என்னாக்கா அட்ரஸ் வேணும்?"

அன்னமேரி "ஏசுவே" என்று முனகிக்கொண்டே பேனாவை வாங்கினாள். என் பேனாதான்.

பஸ்ஸில் சுகுணாவைத் தவிர, அன்னமேரியையும் சேர்த்து, பதினெட்டுப் பேர். ஏழு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பதினோரு பேர் எழுதினார்கள். நான் இவளுக்குப் பின்னால் இறங்கினேன், அவளுக்கு முன்னால் நடந்தேன் என்று. காகிதத்தில் எங்கேயும் ஒரு மணி இல்லை. என் நூலகப் பேச்சைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். நான் எந்தக் கட்சி என்று தெரிந்துவிட்டது.

6

விசாரணை நாளை பத்து மணிக்கு. ஆகவே முடிவு என்னிடம் இல்லை. சும்மா இருப்பேனா? மூன்று எழுதினேன். ஒன்றில் பாஸ்கரன் காகிதத்தைப் படித்து வருத்தம் தெரிவிக்கிறார். இன்னொன்றில் முனிவேல் மனம் மாறி உண்மையைக் கொட்டுகிறார். மூன்றாவதில் வேலை போகிறது, சுகுணா நிமிர்ந்து நடந்து...

வேண்டாம். முதல் இரண்டை அவளுக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

"என்னா சார், நீங்களும் கடிகாரத்தத் திருப்பறீங்க?" என்றாள். "நாளைக்கி நானே போய்ப் பேசிக்கறேன். நீங்க நடந்தத நடந்த மாதிரி எழுதுங்க, போதும்."

நெற்றியில் அடித்த மாதிரி இருந்தது. அதனால்தான் மாறிக் கிடந்த அந்தப் பகுதி எண்களைத் திருத்தவில்லை. எண்ணை மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டு முன்னால், மூன்று பின்னால். மிஷின் ஓடிய பிறகுதான் சுகுணா கேட்டுக்கு வந்தாள் என்று அவர் சத்தியமே செய்வார்.

நீங்கள் எண்ணை மட்டும் பார்க்கவில்லை, கூடவே வந்தீர்கள். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது? பதினோரு கையெழுத்துக்குக் கீழே இன்னும் இடம் இருக்கிறது. பேனா அவளிடம் இருக்கிறது.