மூச்சு எண்ணும் சிப்

அண்ணன் செத்து இருபது நாள் ஆகியும் அவனுக்கு அழுகை வரவில்லை. பசித்தது, சாப்பிட்டான். தூக்கம் வந்தது, தூங்கினான். காலை ஒன்பது மணிக்கு டாண் என்று ஆபீஸில் இருந்தான். "மனுஷன் என்ன கல்லா?" என்று பக்கத்து மேஜைக்காரர் அவன் காதுபடவே கேட்டார். கல்கூட வெயிலில் சூடாகும். இவனுக்கு அதுவும் இல்லை.

சென்சார்களுக்குப் புரோகிராம் எழுதுவது அவன் வேலை. சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு சிப். அழுத்தம், சூடு, ஈரம், அசைவு என்று நாலையும் உணரும் சங்கதிகள் அதற்குள்ளேயே அடக்கம். முன்பெல்லாம் லிஃப்டுக்கு ஒன்று, குளிர்சாதனக் கிடங்குக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு ஒன்று என்று தனித்தனியாகச் செய்துகொண்டிருந்தார்கள். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே சிப். புரோகிராமை மாற்றினால் போதும், அது வேறு ஆளாகிவிடும். அதையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே மாற்றலாம். அண்ணன் வீட்டுக்குப் போனால் இந்தப் பெருமையை அளக்காமல் அவன் திரும்பிய நாள் கிடையாது. "டேய் பொடியா, நாப்பத்திரண்டு வயசாகியும் உன்னைத்தான் யாராலயும் மாத்த முடியல. அந்த சிப்பாவது மாறட்டும்" என்பான் அண்ணன்.

அப்படிப் பேசிக்கொண்டிருந்த அண்ணனைத்தான் பக்கவாதம் படுக்கையில் தள்ளியது. பேச்சு போயிற்று, வலது பக்கம் போயிற்று. முதுகில் புண் வராமலிருக்கக் காற்று மெத்தை வாங்கினார்கள். அதற்குக் காற்றடிக்கும் பம்ப் இரவும் பகலும் ஓடியது. அந்த மெத்தைக்கு அடியில் இவன் தன் சிப் வைத்த பட்டையைச் செருகினான். கட்டில் சட்டத்துக்குக் கீழே ஒரு சின்ன விளக்கு. மூச்சு ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பும் அலறலும்.

அது ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அலறியது. அண்ணன் மேலோட்டமாக மூச்சு விடும்போதெல்லாம் பட்டை அதைத் தவறவிட்டுவிட்டுக் கூப்பாடு போட்டது. அண்ணி போன் செய்தாள். "தம்பி, உங்க அண்ணன் நல்லாத்தான் இருக்காரு. இது போடற சத்தத்துல நான்தான் முதல்ல போய்ச் சேருவேன் போலிருக்கு."

இவன் ஆபீஸில் இரண்டு டீக்கு நடுவே புரோகிராமை மாற்றி அனுப்பினான். மூச்சு மெலிந்தால் நீயும் அதற்கேற்பக் காதைத் தீட்டிக்கொள் என்பதுதான் விஷயம். அன்றோடு அலறல் நின்றது. மேலாளர் முதுகில் தட்டிக்கொடுத்து, அதே புரோகிராமை நானூறு கட்டில்களுக்கு அனுப்பச் சொன்னார்.

அண்ணன் போனது ஒரு நண்பகலில். அண்ணி மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி பேச்சுக் கொடுக்க, அரைமணி நேரம் நின்றுவிட்டாள். இறங்கி வந்தபோது அண்ணன் கை ஜில்லிட்டுப் போயிருந்தது. விளக்கு மட்டும் பச்சையாக எரிந்தது.

"அந்த மெஷின் கத்திக் கத்தி ஓஞ்சு போயிருக்கும். நான் பாவி, மேல ஊர்வம்பு பேசிக்கிட்டு நின்னேன்." வந்தவர்கள் போனவர்கள் எல்லோரிடமும் இதையே சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரியோடு பேச்சை நிறுத்தினாள். மாடிக்குப் போவதையும் நிறுத்தினாள்.

அது ஓயாது. யாராவது வந்து பட்டனை அழுத்தும்வரை கத்தும். இது அவனுக்குத் தெரியும். நாலாம் நாள் பட்டையிலிருந்த பதிவுகளைத் திறந்து பார்த்து நடந்ததையும் தெரிந்துகொண்டான். அண்ணனின் மூச்சு நாளுக்கு நாள் மெலிய மெலிய, பட்டையும் காதைத் தீட்டிக்கொண்டே போயிருக்கிறது. கடைசியில் பம்ப் மெத்தையை ஏற்றி இறக்கும் அசைவையே மூச்சென்று எண்ணிவிட்டது. இந்த அளவுக்கு மேல் தீட்டாதே, அப்போதே சத்தம் போடு என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். அவன் எழுதவில்லை.

ஆபீஸில் மறைக்கவில்லை. தப்பு தன்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். நானூறு கட்டில்களுக்கும் அந்த வரியைச் சேர்த்து அனுப்பினான். எல்லாம் அரை நாள் வேலை. அண்ணியிடம் சொல்வதற்கு மட்டும் மூன்று தடவை போய், டீ குடித்துவிட்டுத் திரும்பினான். சொன்னால் அந்த வீட்டு வாசலை இனி மிதிக்க முடியுமா என்று பயம். சொல்லாவிட்டால் அவள் ஆயுசுக்கும் தன்னையே தின்றுகொண்டிருப்பாள்.

நாலாம் தடவை போனபோது கூடத்து நாற்காலிகளின் முதுகிலெல்லாம் ஈரத்துணி தொங்கியது. அண்ணி காய்ந்த தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அன்னிக்கு அது கத்தவே இல்ல."

அவள் நிமிர்ந்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். பம்ப், காதைத் தீட்டியது, எழுதாமல் விட்ட வரி. பதிவை வாசிக்கும் குரலில்தான் சொன்னான். வேறு குரல் அவனிடம் இல்லை.

"அப்போ நான் மாடியில நின்னதால இல்ல."

"இல்ல அண்ணி. என்னாலதான்."

இருபது நாளாக இறுகிக் கிடந்த அவள் முகம் கொஞ்சம் தளர்ந்தது. அவன் திட்டுக்காகக் காத்திருந்தான். திட்டினால் நன்றாயிருக்கும் என்றிருந்தது.

"எத்தனை நாளா மெலிஞ்சுது?"

"பன்னெண்டு நாள்."

"பன்னெண்டு நாளும் நான்தானே தம்பி பக்கத்துல இருந்தேன்." உறையை மறுபடி பிரித்தாள். "வாய் தொடச்சு விட்டேன், புரட்டிப் படுக்க வெச்சேன். விளக்கைப் பாத்துக்கிட்டேன். அவரைப் பாக்கலையே."

ஒரு பழியை இறக்கி வைக்க வந்தவன் இன்னொன்றை ஏற்றிவிட்டான். "நானும்தான் அண்ணி," என்றான் அவசரமாக. "கடைசி ஞாயித்துக்கிழமை வந்தேனே. வந்ததும் குனிஞ்சு விளக்கைத்தான் பாத்தேன். நல்லா இருக்காருன்னு சொல்லிட்டுப் போயிட்டேன்."

"தெரியும். நீ குனிஞ்சிருந்தப்போ அவர் இடது கையை மெதுவா நகத்திக் கொண்டுவந்து உன் தலையில வெச்சாரு."

அவன் அவளையே பார்த்தான். "எப்போ?"

"அப்பதான். நீ ஏதோ ஒயரைச் சரிபண்ணிக்கிட்டிருந்த. ரொம்ப லேசாத்தான் வெச்சிருந்தாரு."

"எனக்குத் தெரியலையே அண்ணி." குரல் உடைந்தது. "எவ்வளவு நேரம் வெச்சிருந்தாரு?"

"நீ எழுந்திரிக்கற வரைக்கும்," என்றாள் அண்ணி.